மெயில் போச்சு, பில்லு திறக்கலை: நோட்.ஜேஎஸ் அஞ்சல் இணைப்புக் கோளாறுகள், அறிகுறிவாரியாக

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக் கடை ஒன்றின் கணக்குப் பிரிவு அக்கா அழைத்தார். "தம்பி, மெயிலு போவுது, கஸ்டமருக்கும் கெடைக்குது. ஆனா பில்லத் தொறந்தா வெள்ளத் தாளா இருக்காம். காலையிலேருந்து மூணு பேரு கேட்டுட்டாங்க." நான் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன், வாழையிலையும் போட்டாயிற்று. மடிக்கணினியைத் திறந்து சர்வர் பதிவைப் பார்த்தால் ஒரு பிழை கூட இல்லை. ஒவ்வொரு அஞ்சலுக்கும் எதிரே 250 என்ற எண். ஏற்றுக்கொண்டேன் என்று பொருள்.

அஞ்சலோடு கோப்பை இணைத்து அனுப்பும்போது (அட்டாச்மென்ட்) வரும் கோளாறுகளில் ஆளைச் சுற்றவிடுவது இதுதான். எஸ்எம்டிபி, அதாவது சர்வர்கள் மின்னஞ்சலைக் கைமாற்றும் நெறிமுறை, தபால்காரர் மாதிரி. உறையை வாங்கிக்கொள்வார், பிரித்துப் பார்க்கமாட்டார். உள்ளே இருப்பது பில்லா வெற்றுத் தாளா என்பது அவருக்குத் தேவையில்லாத சங்கதி. ஆகவே "அனுப்பியாச்சு" என்று நிரல் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மலேசியாவில் இந்தத் தொல்லை அண்மையில் கூடியதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஆகஸ்ட் 1 முதல் உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்-விலைப்பட்டியல் முறையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. முதலில் ஆண்டு வருமானம் 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்கள், பிறகு அடுத்தடுத்த அளவுகள். அதுவரை தாளில் பில் கிழித்துக் கொடுத்த கடைகளும் கியூஆர் குறியோடு பிடிஎஃப் அனுப்ப ஆரம்பித்தன. அனுப்பும் நிரலை எழுதுவது பெரும்பாலும் என்னைப் போல ஓரிருவர் நடத்தும் சின்ன மென்பொருள் கடைகள்தான். நான் சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதுகிறேன்; அதில் அஞ்சல் அனுப்பப் பயன்படுத்துவது நோட்மெயிலர் என்ற நூலகம். கீழே சொல்வதில் முக்கால்வாசி வேறு எந்த நூலகத்துக்கும் பொருந்தும்.

முதலில் எடை போடுங்கள்

நிரலில் கை வைக்கும் முன் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண், மூலக் கோப்பு எத்தனை பைட். இரண்டாவது, அஞ்சலில் ஏற்றும் கணத்தில் நிரலின் கையில் இருக்கும் சரக்கு எத்தனை பைட். மூன்றாவது, பெற்றவர் இறக்கிச் சேமித்த கோப்பு எத்தனை பைட். "எண்பத்து நாலு கேபி" என்று தோராயமாகச் சொல்வது உதவாது, கடைசி பைட் வரை வேண்டும். கையில் இருப்பது பஃபராக (பைட்டுகளை அப்படியே வைத்திருக்கும் பெட்டி) இல்லாமல் வெறும் சரமாக (எழுத்துகளின் தொடர்) இருந்தால் அதன் நீளம் எழுத்துக் கணக்கைத்தான் காட்டும், பஃபர்.பைட்லெங்த் என்று கேட்டால்தான் பைட் கணக்கு வரும்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் கோப்பு பிறக்கும்போதே ஊனம், அஞ்சலைக் குறை சொல்ல வழியில்லை. முதலும் இரண்டும் வேறுபட்டால் கோப்பை வாசித்த விதத்தில் பிழை. இரண்டும் மூன்றும் வேறுபட்டால்தான் அஞ்சல் நூலகத்தையோ வழியில் உள்ள சர்வரையோ சந்தேகிக்கலாம். நான் பார்த்த வழக்குகளில் இந்த மூன்றாம் வகை அரிது. ஆனால் எல்லோரும் முதலில் அங்கேதான் போய்த் தோண்டுகிறார்கள், நானும் உட்பட.

அறிகுறி: பக்கங்கள் எண்ணிக்கை சரி, எல்லாம் வெள்ளைத் தாள்

அக்காவின் பில்லுக்கு எடை போட்டேன். மூலத்தில் 84,213 பைட், வாடிக்கையாளர் கையில் ஏறக்குறைய 152,000. கோப்பு இப்படி ஒன்றரை மடங்குக்கு மேல், இரு மடங்குக்குள் பருத்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பைட்டுகளை எழுத்து என்று நினைத்து வாசித்திருக்கிறீர்கள்.

பிடிஎஃப்புக்குள் இருப்பது பெரும்பாலும் அழுத்திச் சுருக்கிய பைட். அதை யுடிஎஃப்-8 (பைட்டுகளை எழுத்தாக்கும் பொது முறை) எழுத்தாக வாசிக்கச் சொன்னால், விதிக்குப் பொருந்தாதவற்றை நோட் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்தக் குறியை வைக்கும். அந்தக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். கோப்பு பருப்பது அதனால்தான். பல பிடிஎஃப்களில் பக்கங்களின் அமைப்பு சாதாரண ஆங்கில எழுத்தில் இருப்பதால் அது தப்பிவிடும். பக்கத்துக்குள் இருக்கும் சுருக்கிய சரக்கு செத்துவிடும். அதனால் கோப்பு திறக்கிறது, இரண்டு பக்கம் என்று சொல்கிறது, இரண்டும் வெள்ளை. எக்செல், வேர்டு கோப்புகள் என்றால் திறக்கவே மறுக்கும், அவை உள்ளுக்குள் ஜிப் என்பதால்.

இந்தப் பிழை நுழையும் வாசல்கள் மூன்று. ரீட்ஃபைல் அழைப்பில் இரண்டாவது இடத்தில் பழக்கதோஷத்தில் யுடிஎஃப்8 என்று எழுதுவது. அதை அழித்தால் பஃபர் வரும். இணையத்திலிருந்து கோப்பை ஃபெட்ச் மூலம் எடுத்துவிட்டு டெக்ஸ்ட் என்று கேட்பது. அர்ரேபஃபர் என்று கேட்டு, வந்ததை பஃபர்.ஃப்ரம் வழியாக மாற்ற வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஆக்சியோஸ் நூலகம் மூலம் எடுக்கும்போது ரெஸ்பான்ஸ்டைப் என்ற இடத்தில் அர்ரேபஃபர் என்று சொல்ல மறப்பது. அக்கா கடையில் நடந்தது மூன்றாவது. முந்தைய வாரம் வரை பில்லை வட்டிலிருந்து எடுத்தோம். கணக்கு மென்பொருளிலிருந்து நேராக இணைய வழியில் எடுக்கலாமே என்று நான்தான் மாற்றினேன். மாற்றிய பிறகு சோதித்தேன். அஞ்சல் வந்ததா என்று பார்த்தேன், பில்லைத் திறக்கவில்லை.

கெட்ட செய்தி ஒன்றும் உண்டு. இப்படிச் சேதமான கோப்பை மீட்க முடியாது. வெவ்வேறு பைட்டுகள் எல்லாம் ஒரே வைரமாகிவிட்டன. எது எதுவாக இருந்தது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. அன்றைக்குப் போன எல்லா பில்லையும் மூலத்திலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினோம்.

அறிகுறி: திறந்தால் எழுத்துக் குப்பை

பெற்ற கோப்பை சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். அவையே வாக்குமூலம் கொடுத்துவிடும்.

பெரிய ஜே, வி, பி, இ, ஆர், பிறகு சின்ன ஐ, பூஜ்யம் என்று தொடங்கினால் அது பேஸ்64 உருவில், அதாவது பைட்டுகளைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாக மாற்றி எழுதும் முறையில், இருக்கும் பிடிஎஃப். எடையும் மூலத்தின் மூன்று பைட்டுக்கு நாலு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நீங்கள் கொடுத்த சரம் ஏற்கெனவே பேஸ்64; அதை நோட்மெயிலரிடம் சொல்லவில்லை. இணைப்பில் கன்டென்ட் பக்கத்திலேயே என்கோடிங் என்று போட்டு பேஸ்64 என எழுதினால் தீர்ந்தது. சில அஞ்சல் சேவைகளின் ஏபிஐ நேர் எதிராக, பேஸ்64 மட்டும்தான் வாங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு தடவை கூடுதலாகவோ குறைவாகவோ மாற்றிவிடுவது எல்லாருக்கும் நடப்பது.

உலாவியிலிருந்து வந்த சரமாக இருந்தால் அதன் தலையில் "டேட்டா" என்று தொடங்கி காற்புள்ளியில் முடியும் ஒரு முன்னொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்துப் பேஸ்64 என்று பிரித்தால் தொடக்கமே கெட்டு, கோப்பு திறக்காது. காற்புள்ளி வரை வெட்டிவிடுங்கள். அல்லது வெட்டாமல் அப்படியே, கன்டென்டுக்குப் பதிலாக பாத் என்ற இடத்தில் கொடுங்கள்; நோட்மெயிலர் அதைப் புரிந்துகொள்ளும்.

37,80,68,70,45 என்று காற்புள்ளி போட்ட எண்களாக இருந்தால்? அது பிடிஎஃப்பின் முதல் ஐந்து பைட்டுகள், எண் வடிவில். குரோமை இயக்கி பிடிஎஃப் எடுக்க உதவும் பப்பட்டியர் நூலகம் அண்மைப் பதிப்புகளில் பிடிஎஃப்பைப் பஃபராகத் தராமல் யுஇன்ட்8அர்ரேயாகத் தருகிறது. அதன்மேல் டூஸ்ட்ரிங், பேஸ்64 என்று அழைத்தால், அடைப்புக்குள் எழுதியதை அது கண்டுகொள்ளாமல் எண்களை வரிசையாகக் கொட்டும். பஃபர்.ஃப்ரம் போட்டு மாற்றிய பிறகு அழையுங்கள். பதிப்பு உயர்த்திய மறுநாள் "நேத்து வரைக்கும் ஓடுச்சே அண்ணே" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான்.

கோப்பு சரியாக 15 பைட் என்றால் திறந்து பார்க்கவே தேவையில்லை. உள்ளே "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்று ஆங்கிலத்தில், சதுர அடைப்புக்குள் இருக்கும். எங்கோ ஒரு பொருளைச் சரத்தோடு ஒட்டியிருக்கிறீர்கள். இதன் உறவுக்காரப் பிழை, வேலைகளைக் காத்திருக்க வைக்கும் வரிசைகளில் (கியூ) வரும். அஞ்சல் வேலையை ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு வழியாக இன்னொரு நிரலுக்கு அனுப்பும்போது பஃபர் ஜேசனாக மாறி, டைப், டேட்டா என்ற இரண்டு சாவிகள் கொண்ட பொருளாகிவிடும். அந்தப் பக்கம் பஃபர்.ஃப்ரம் போட்டால் மறுபடி பஃபராகும். ஆனால் என் யோசனை, வரிசையில் கோப்பையே ஏற்றாதீர்கள். பில் எண்ணை மட்டும் அனுப்புங்கள். அந்தப் பக்கம் கோப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: 0 பைட், அல்லது முதல் ஆளுக்கு மட்டும் கிடைத்தது

பிடிஎஃப்கிட் போன்ற நூலகங்கள் பிடிஎஃப்பை ஓடையாக, அதாவது ஸ்ட்ரீமாகத் தருகின்றன. எண்ட் என்று சொன்ன உடனே கோப்பு வட்டில் முழுசாக இறங்கிவிடாது. எழுதும் ஓடை ஃபினிஷ் என்று குரல் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் அஞ்சலில் ஏற்றினால் 0 பைட்டோ பாதிக் கோப்போ போகும். சின்ன பில் தப்பிவிடும், பெரிய அறிக்கை மாட்டும். அதனால் சோதனையில் பிடிபடாது.

இரண்டாவது அறிகுறி இன்னும் சுவையானது. மாதக் கடைசியில் நாற்பது பேருக்கு ஒரே விலைப்பட்டியலை அனுப்பும் நிரல். கோப்பை ஒருமுறை ஓடையாகத் திறந்து, சுற்றுக்குள் ஒவ்வொருவருக்கும் அதையே கொடுத்தார் எழுதியவர். முதல் ஆளுக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு வெற்றுக் கோப்பு, சிலருக்கு அனுப்பும் வேலையே முடியாமல் தொங்கல். ஓடையை ஒரு தடவைதான் குடிக்க முடியும். தோல்வியுற்ற அஞ்சலை மறுபடி அனுப்பும் நிரல்களிலும் இதே பிழை ஒளிந்திருக்கும்: முதல் முயற்சியிலேயே ஓடை வற்றிப்போயிருக்கும். சில எம்பி அளவுள்ள கோப்புக்கு ஓடை வேண்டாம். பஃபராக நினைவகத்தில் எடுத்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

பிழையும் இல்லை, அஞ்சலும் இல்லை என்றால் பெரும்பாலும் அவெயிட் (வேலை முடியும்வரை காத்திரு என்னும் சொல்) விட்டுப்போயிருக்கும். அமேசான் லாம்டா போன்ற, கூப்பிட்டால் மட்டும் நிரலை ஓட்டும் இடங்களில் செயலி பதில் சொன்னவுடன் உறைந்துவிடும், அஞ்சல் பாதியில் நிற்கும். ஃபார்ஈச்சுக்குள் அவெயிட் போட்டாலும் வெளியே யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஃபார்-ஆஃப் சுற்றுக்கு மாறுங்கள்.

அஞ்சல் வந்து கோப்பு மட்டும் அறவே இல்லை என்றால் எழுத்துப் பிழையைத் தேடுங்கள். அட்டாச்மென்ட்ஸ் என்பதில் கடைசி எஸ் இல்லாவிட்டால் நோட்மெயிலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கடந்து போய்விடும். இதற்கு ஒரு முழு மாலையைத் தொலைத்தவன் நான்.

அறிகுறி: என் கணினியில் ஓடுது, சர்வரில் கோப்பு இல்லைங்குது

இஎன்ஓஇஎன்டி, அதாவது அப்படியொரு கோப்பு இல்லை என்ற பிழை. வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, புள்ளியும் சாய்கோடும் வைத்த சார்புப் பாதை. அது நிரல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை, நிரலை இயக்கிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. சர்வரில் நிரலை ஓடவைக்கும் பிஎம்2 வேறு கோப்புறையிலிருந்து தொடங்கினால் பாதை மாறிவிடும். டிர்நேம் கொண்டு முழுப் பாதை அமையுங்கள். இரண்டு, விண்டோஸும் மேக்கும் பொதுவாகப் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும்.

மூன்றாவது காரணம் நம் மொழிக்கே உரியது. பினாங்கில் நண்பர்கள் சிலர் தமிழ்க் கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். பங்கேற்பவர்கள் இணையப் படிவத்தில் கோப்பை ஏற்ற, நிரல் அதை நடுவர்களுக்கு அஞ்சலில் அனுப்பும். எல்லாம் போனது, சில கட்டுரைகள் மட்டும் "கோப்பு இல்லை" என்று நின்றன. கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறது: கொடிமலை. பதிவிலும் அதே கொடிமலை. எழுத்துக்கு எழுத்து அதேதான், ஆனால் இல்லையாம்.

கொ என்ற எழுத்தில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம். ஒரே குறியாக 0பிசிஏ என்ற இடத்தில் உள்ளதை வைக்கலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கோ, கௌ ஆகியவற்றுக்கும் இப்படியே. மேக் கணினிகளிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் இந்தப் பிரிந்த வடிவம் அடிக்கடி வரும். லினக்ஸுக்கோ பைட் வேறானால் பெயர் வேறு. "க", "கா", "கி" என்று தொடங்கிய கட்டுரைகள் போய், ஒகரம் ஓகாரம் உள்ளவை மட்டும் சிக்கியதைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. பெயரை எங்கு வாங்கினாலும் நார்மலைஸ் என்று அழைத்து என்எஃப்சி என்ற ஒன்றிணைந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும்.

ஆனால் அதைவிட நல்ல வழி, பயனர் கொடுத்த பெயரில் வட்டில் எதையும் சேமிக்காமல் இருப்பது. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட், ஆக 85 குறிகளோடு முடிந்தது. புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனிக் குறி என்று எண்ணிப் பார்த்தால், நீளமான தலைப்பு வைக்கும் ஆசிரியருக்கு அது போதாது. சீரற்ற எண் ஒன்றை வட்டில் பெயராக வையுங்கள். உண்மைப் பெயர் தரவுத்தளத்தில் இருக்கட்டும், அஞ்சலில் ஏற்றும்போது ஃபைல்நேம் என்ற இடத்தில் கொடுங்கள். தமிழ்ப் பெயரை அஞ்சல் தலைப்புக்கு ஏற்றபடி மாற்றும் வேலையை நோட்மெயிலர் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: கோப்பின் பெயர் கோணல்

அதே போட்டியில் இன்னொன்று. சில இணைப்புகளின் பெயர், தலையில் சாய்கோடு வைத்த சின்ன ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி சாய்கோடு ஏ என்று ஓடியது. இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ்தான்; யுடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்-1 (பழைய ஐரோப்பிய எழுத்து முறை) என்று வாசித்திருக்கிறது நிரல். படிவத்திலிருந்து கோப்பை வாங்கும் மல்டர் நூலகத்தின் 1.4.5 வரிசைப் பதிப்பில் இது பலருக்கும் நேர்ந்தது. ஒரிஜினல்நேமை லத்தீன்1 என்று சொல்லிப் பஃபராக்கி, யுடிஎஃப்8 என்று சொல்லிச் சரமாக்கினால் தமிழ் திரும்பிவிடும். வெள்ளைத் தாள் பிழையைப் போல் அல்லாமல் இதில் எந்த பைட்டும் தொலைவதில்லை, அதனால் மீட்க முடிகிறது.

ஜிமெயிலில் நோநேம் என்றோ அவுட்லுக்கில் ஏடிடி00001 என்றோ வந்தால் ஃபைல்நேம் கொடுக்கவில்லை என்று பொருள். பெயர் கொடுத்து, புள்ளிக்குப் பின்னால் வகை எழுதாவிட்டால் கைப்பேசியில் எதைக் கொண்டு திறப்பது என்று தெரியாமல் விழிக்கும்.

அஞ்சல் உடலில் போட்ட கியூஆர் படம் ஜிமெயிலில் தெரியவில்லை என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. டேட்டா வகைச் சரமாகப் படத்தை எச்டிஎம்எல்லில் திணித்தால் ஜிமெயில் காட்டாது. படத்தை ஓர் இணைப்பாகக் கொடுத்து அதற்கு சிஐடி என்று ஓர் அடையாளம் வைத்து, எச்டிஎம்எல்லில் அந்த அடையாளத்தைச் சுட்டுங்கள். இரண்டு இடத்திலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிகுறி: 552 என்று திருப்பி அடிக்கிறது

552 என்பது அஞ்சல் சர்வரின் மறுப்பு எண். காரணம் பெரும்பாலும் அளவு. ஜிமெயிலில் அனுப்பும் வரம்பு 25 எம்பி. "என் கேட்டலாக் 19 எம்பிதானே" என்பார்கள். அஞ்சல் உலகம் 1982-இல் ஏழு பிட் எழுத்துகளை மட்டும் நினைத்து எழுதிய விதிகளின் மேல் நிற்கிறது. இணைப்பு என்ற ஏற்பாடு மைம் என்ற பெயரில் 1992-இல் மேலே கட்டிய மாடி. அதனால் எந்தக் கோப்பும் பேஸ்64 ஆகித்தான் போகும். மூன்று பைட்டுக்கு நாலு எழுத்து, 76 எழுத்துக்கு ஒரு வரி முறிவு. மொத்தம் ஏறக்குறைய 37 விழுக்காடு வீக்கம். 19 எம்பி 26 எம்பி ஆகிவிடும். கணக்கை மனத்தில் வைக்க: 25 எம்பி வரம்பென்றால் கோப்பு 18-ஐத் தாண்டக்கூடாது. பெறுகிற சர்வரின் வரம்பு இன்னும் சிறியதாக இருக்கலாம். நோட்மெயிலர் நேராகப் பேசும் சர்வரின் வரம்பு தெரிய, பேச்சுத் தொடங்கும்போது ஈஎச்எல்ஓ என்ற வணக்கத்துக்கு மறுமொழியில் சைஸ் என்று அது சொல்லும் எண்ணை டீபக் பதிவில் பார்க்கலாம்.

வாடிக்கையாளருக்கு 15 எம்பி அனுப்புவதே எனக்குச் சம்மதமில்லை. அமேசான் எஸ்3 போன்ற இடத்தில் வைத்து, கையொப்பமிட்ட சுட்டியை அனுப்பலாம். அந்தச் சுட்டிக்கு அதிகபட்ச ஆயுள் ஏழு நாள் என்பதை மட்டும் அஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

சின்னக் கோப்புக்கும் 552 வந்து பக்கத்தில் 5.7.0 என்று இருந்தால் அது அளவல்ல, பாதுகாப்பு. இஎக்ஸ்இ, பிஏடி, ஏன் ஜேஎஸ் கோப்பைக்கூட ஜிமெயில் ஏற்காது. ஜிப்புக்குள் ஒளித்தாலும் தேடிப் பிடிக்கும்.

அறிகுறி: அஞ்சல் சர்வரையே எட்டவில்லை, உள்ளேயே விடவில்லை

"தவறான பதிப்பு எண்" என்ற எஸ்எஸ்எல் பிழை வந்தால் வாசலும் பூட்டும் பொருந்தவில்லை. போர்ட் 465 என்றால் செக்யூர் ட்ரூ, 587 என்றால் ஃபால்ஸ். ஃபால்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம், 587-இல் பேச்சுத் தொடங்கிய பிறகு குறியாக்கத்துக்கு மாறிக்கொள்ளும். நேரம் கடந்து அறுந்தால் மேகச் சர்வர் நிறுவனம் வெளிச்செல்லும் போர்ட் 25-ஐ அடைத்திருக்கும். சில நிறுவனங்கள் மற்ற இரண்டையும் சேர்த்தே அடைக்கின்றன.

535 என்றால் கடவுச்சொல். சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்கு வெறும் கடவுச்சொல்லோடு நிரல்களை உள்ளே விடுவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுங்கள். சரியான கடவுச்சொல்லுக்கும் 535 வருகிறதா? அதில் ஹேஷ் குறி இருக்கிறதா பாருங்கள். ரகசியங்களை வைக்கும் என்வ் கோப்பில் மேற்கோளுக்குள் வைக்காவிட்டால், ஹேஷுக்குப் பின்னால் உள்ளதை அதை வாசிக்கும் டாட்என்வ் நூலகம் குறிப்புரை என்று வெட்டிவிடும்.

அறிகுறி: கோப்பு திறக்கிறது, உள்ளே தமிழ் கட்டம் கட்டமாக

மூன்று எடையும் ஒன்றாக இருக்கும். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நிரலைப் பொதியாக ஓட்டும் டாக்கரின் மெலிந்த படிமங்களில் எழுத்துரு எதுவும் பொதுவாக இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை உள்ளே நிறுவுங்கள். கட்டம் வராமல் கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் நூலகத்துக்குத் தமிழ் அடுக்கத் தெரியவில்லை. அதோடு மல்லுக்கட்டாமல் எச்டிஎம்எல்லாக எழுதி குரோமிடம் கொடுத்து பிடிஎஃப் வாங்குவது எளிது.

காலை எட்டு மணிக்கு முன் போட்ட பில்லில் முந்தைய நாள் தேதி விழுந்தால் சர்வர் யுடிசியில் ஓடுகிறது. நாம் எட்டு மணி நேரம் முன்னே இருக்கிறோம். தேதியை எழுதும்போது ஆசியா/கோலாலம்பூர் என்று நேர வட்டாரத்தைச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒருவர் பில் இன்னொருவருக்குப் போய்விட்டது

இந்த அழைப்பு வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருங்கள். எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு இது. எண்கள் மூன்றும் சரியாகவே இருக்கும், ஆள்தான் வேறு. முதலில் அனுப்பும் வேலையை நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடுங்கள்.

பெரும்பாலான காரணம் ஒன்றே. டெம்ப் கோப்புறையில் எல்லா பில்லும் இன்வாய்ஸ்.பிடிஎஃப் என்ற ஒரே பெயரில் எழுதப்படுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளர் வந்தால், முதலாமவரின் கோப்பு அஞ்சலில் ஏறும் முன் இரண்டாமவரின் கோப்பு அதன்மேல் எழுதப்பட்டுவிடும். கடையில் கூட்டம் இல்லாத நாளில் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது. தீபாவளி, தைப்பூச நெரிசலில் வெடிக்கும். பில்லில் பெயர், முகவரி, சில நேரம் அடையாள அட்டை எண்ணும் இருப்பதால் இது மன்னிப்பு அஞ்சலோடு முடிகிற காரியமல்ல. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024-இல் வந்த திருத்தம், தரவு மீறலைத் தெரிவிக்கும் கடமையையும் சேர்த்திருக்கிறது. கடைக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இதைவிடக் கொடிய இன்னொரு வடிவம் உண்டு. இணைப்பின் பாத் என்ற இடத்தில் படிவத்திலிருந்து வந்த சொல்லை அப்படியே வைப்பது. விஷமி ஒருவர் சர்வரின் வேறொரு கோப்புப் பாதையை அதில் எழுதினால், உங்கள் நிரலே அதைப் பணிவாக அவருக்கு அஞ்சல் அனுப்பும். நோட்மெயிலரில் டிஸேபிள்ஃபைல்ஆக்சஸ், டிஸேபிள்யுஆர்எல்ஆக்சஸ் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. இரண்டையும் ட்ரூ என்று வைத்து, உள்ளடக்கத்தைப் பஃபராக மட்டுமே கொடுத்தால் இந்தக் கதவு மூடிவிடும்.

அக்கா கடையில் இப்போது வட்டில் எதுவும் எழுதுவதில்லை. பில் நினைவகத்தில் பிறந்து, அங்கிருந்தே அஞ்சலில் ஏறிவிடுகிறது. பைட் எண்ணிக்கையும் பில் எண்ணும் பெறுநரின் எண்ணும் ஒரே வரியில் பதிவாகின்றன. போன வாரம் அக்கா அழைத்தார், சத்தம் கேட்டதுமே மடிக்கணினியைத் தேடினேன். "ஒண்ணுமில்ல தம்பி, பசியாறிட்டியான்னு கேக்கத்தான்" என்றார்.